பத்துக்குப் பூஜ்யம்

டாக்டர் ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு எலிகளைப் பற்றி நிறையத் தெரியும். லிவர்பூலில் இரண்டு வருடம் அவர் செய்ததெல்லாம் எலியின் வாலைச் சூடான விளக்குக்குக் கீழே வைத்து, அது எத்தனை விநாடியில் வாலை இழுத்துக்கொள்கிறது என்று கடிகாரம் பார்த்து எழுதியதுதான். முதுகுத்தண்டுக்குள் செரோடோனின் என்ற பொருளை ஒரு துளி செலுத்தினால் எலி வாலை இழுக்கத் தாமதிக்கும். அந்தப் பொருளைக் கொண்டுவரும் நரம்பைக் கெடுத்துவிட்டால் சட்டென்று இழுத்துக்கொள்ளும். இதை நானூறு எலிகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒரு பட்டமும் வாங்கிக்கொண்டு, அவர் பினாங்குக்குத் திரும்பி வந்தார். எந்த எலியையும் யாரும் மேசைக்கு முன்னால் உட்காரவைத்து, நிஜமாகவே வலித்ததா என்று விசாரிப்பதில்லை. அந்த வித்தியாசம் அவருக்கு அப்போது பெரிதாகப் படவில்லை.

ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில் அவர் மயக்க மருந்து டாக்டர். அதோடு புதன்கிழமை காலையில் மட்டும், துணி அடுக்கிவைக்கும் அறைக்குப் பக்கத்து அறையில், வலி கிளினிக் என்று ஒன்றை நடத்திவந்தார். மற்ற டாக்டர்களுக்கு அது ரொம்ப வசதியாகப் போயிற்று. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல், ஆனால் ஓயாமல் முனகிக்கொண்டிருக்கிற ஆட்களையெல்லாம் அவரிடம் தள்ளிவிட்டார்கள். அவர் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பார். "நோவு பத்துக்கு எத்தனை?" அது அவருடைய யாழ்ப்பாணத்து வீட்டுத் தமிழ். வருகிறவர்கள் முதல் தடவை விழிப்பார்கள், இரண்டாம் தடவை எண்ணைச் சொல்லிவிடுவார்கள்.

பிச்சைமுத்து, எட்டு என்று சொன்னார்.

அவருக்கு நாற்பத்திரண்டு வயது, வீடு சுங்கை பினாங் அடுக்குமாடியில். பதினாறு வயதில் தொங்கான் என்ற சரக்குப் படகிலிருந்து மூட்டை இறக்கத் தொடங்கியவர். தொங்கான்கள் குறைந்த பிறகு கப்பலின் அடித்தளத்துக்குள் இறங்கி வேலை பார்த்தார். எண்பத்து நாலாம் வருடம், மேலே தூக்கிக்கொண்டிருந்த அரிசி மூட்டைகள் கயிற்றிலிருந்து சரிந்து அவர் இடுப்பின்மேல் விழுந்தன. ஆபரேஷன் செய்தார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது, வலி மட்டும் போகவில்லை. இடுப்பிலிருந்து இடது கால் கட்டைவிரல் வரைக்கும் யாரோ கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்றார். எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எலும்பு டாக்டருக்கு இடுப்பு வலி வந்ததில்லை.

ஸ்ரீஸ்கந்தராஜா தினம் படுக்கப்போகுமுன் ஒரு மாத்திரை என்று எழுதிக்கொடுத்தார். அடுத்த வாரம் பிச்சைமுத்துவோடு அவர் மனைவி புஷ்பவள்ளியும் வந்தாள். தொழிற்சாலைக் கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறவள், யார் முன்னாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்காதவள். மருந்து எடுத்துக்கொடுக்கும் ரொஸ்னா, இது மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரை என்று சொல்லிவிட்டாளாம். என் புருஷனுக்கு வலியா, பைத்தியமா, ரெண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று டாக்டரைக் கேட்டாள்.

டாக்டருக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. ஊருக்கு வந்து ஆறு வருடத்தில் இதைப் பற்றி ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை. ஒரு தாளை எடுத்து முதுகுத்தண்டைப் படம் போட்டார். காலிலிருந்து கிளம்புகிற வலி நேராக மூளைக்குப் போய்விடுவதில்லை, முதுகுத்தண்டில் ஒரு வாசலைக் கடக்கவேண்டும் என்றார். மூளையின் அடியிலிருந்து சில நரம்புகள் அந்த வாசலுக்கு இறங்கி வருகின்றன. அவை அங்கே செரோடோனினைச் சுரந்தால் வாசல் ஒருக்களித்துக்கொள்ளும், வலியில் கொஞ்சந்தான் உள்ளே போகும். சுரந்த செரோடோனின் சீக்கிரம் வடிந்துவிடாமல் இந்த மாத்திரை, அவர் பேச்சில் குளிசை, பிடித்துவைக்கும். மனச்சோர்வுக்கும் இதையே கொடுப்பது உண்மைதான், ஆனால் இங்கே வேலை முதுகுத்தண்டில் என்றார்.

"அப்ப ஹார்பர் கேட்ல நிக்கிற ஜாகா மாதிரிலா," என்றார் பிச்சைமுத்து. "கண்டவனையெல்லாம் உள்ள விடாம நிப்பாட்டுற ஆளு."

"ஓம், காவல்காரன்தான்," என்றார் டாக்டர்.

"என் கேட்ல மட்டும் அந்த ஆளு தூங்கிட்டானா?"

அதைத்தான் நானும் கண்டுபிடிக்கப் பார்க்கிறேன் என்று டாக்டர் சிரித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பேச ஆள் கிடைத்த உற்சாகத்தில் மேலும் பேசினார். சண்டையில் குண்டு பட்ட சிப்பாய்க்குச் சண்டை முடிகிறவரை நோகாது, தைப்பூசத்தில் அலகு குத்திக்கொள்கிறவருக்கும் நோகாது, அப்போதெல்லாம் மூளை தானாகவே காவல்காரனை எழுப்பிவிடுகிறது என்றார். பிச்சைமுத்து அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மூன்று மாதத்தில் எட்டு ஆறானது. ஆறு என்றால் ஒரேயடியாக நாலு மணி நேரம் தூங்கலாம். புஷ்பவள்ளிக்கு அதுவே பெரிய காரியமாக இருந்தது.

ஆனால் ஆறோடு யாரும் கப்பலின் அடித்தளத்தில் மூட்டை தூக்க முடியாது. அவர் வேலை செய்த கம்பெனி இரண்டு வருடம் பொறுத்தது, இனி முடியாது என்றது. எண்பத்தாறாம் வருடம் பிப்ரவரியில் ஒரு மருத்துவக் குழு கூடும் என்று கடிதம் வந்தது. அந்தக் குழு, இவர் பளுவான வேலைக்கு இனி லாயக்கில்லை என்று எழுதினால், உதவித்தொகையோடு வீட்டுக்குப் போய்விடலாம். லாயக்கு என்று எழுதினால் மறுபடி அடித்தளத்துக்கு இறங்கவேண்டும். இரண்டுக்கும் நடுவில் இன்னொரு வேலை அந்தக் கம்பெனியில் இல்லை.

டிசம்பரில் ஒரு புதன்கிழமை இருவரும் வந்தார்கள். குழுவில் நல்லபடி முடியவேண்டும் என்று புஷ்பவள்ளி தண்ணீர்மலை முருகனுக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். வருகிற தைப்பூசத்தில் பிச்சைமுத்து அலகு குத்திக் காவடி எடுப்பதாக வேண்டுதல். வேண்டினது நடந்த பிறகுதானே காவடி எடுப்பார்கள் என்று டாக்டர் கேட்டார்.

"வாங்கிக்கிட்டு அப்புறம் குடுக்கிறது மனுசங்ககிட்ட டாக்டர்," என்றாள் அவள். "சாமிகிட்ட மொதல்ல குடுத்துட்டுத்தான் கேக்கணும்."

இந்த இடத்தில் டாக்டர் என்ன சொல்லியிருக்கவேண்டும் என்று பாசாரில் கீரை விற்கிற வள்ளியம்மாவைக் கேட்டால்கூடச் சொல்லிவிடுவாள். குழு கூடுவது தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் கழித்து. மூட்டை தூக்க முடியாது என்று சொல்கிற மனுஷன், அதற்கு இரண்டு வாரம் முன்னால் ஊர் பார்க்க முப்பது கிலோ காவடியைத் தூக்கிக்கொண்டு மலை ஏறலாமா? கூடாது. இதைச் சொல்ல லிவர்பூல் போக வேண்டியதில்லை.

லிவர்பூல் போய்வந்தவருக்கு வேறு ஒன்று தோன்றியது. காவடி எடுக்கிறவர்களைப் பற்றி அவர் படித்திருந்ததெல்லாம் உடம்பில் ஒரு குறையும் இல்லாத ஆட்களைப் பற்றித்தான். நாள்பட்ட வலி உள்ள ஒருவர், அதுவும் மாதக்கணக்காக அந்த வலியை எண்ணாகச் சொல்லிவந்தவர், காவடி எடுத்தால் அந்த எண் என்ன ஆகும்? அதை யாரும் பார்த்து எழுதியதாக அவருக்குத் தெரியவில்லை. எழுதினால் கட்டுரையில் முதல் பெயர் அவருடையதாக இருக்கும். ஆசை வெட்கம் அறியாது, படித்தவன் ஆசைக்கு வெட்கம் இன்னும் குறைவு. அவர் காவடியின் எடை என்ன, எத்தனை மணி நேரம் என்று விசாரித்தார். பிறகு, எடுக்கலாம் என்றார்.

விரதத்தில் மாத்திரை சாப்பிடலாமா என்று பிச்சைமுத்து கேட்டார். கடைசிப் பத்து நாள் நிறுத்திவிடுங்கள், விரதம் சுத்தமாக இருக்கட்டும் என்றார் டாக்டர். விரதத்தின் சுத்தத்தைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இல்லை. மாத்திரை உடம்பில் இருந்தால், வலி குறைந்தது மாத்திரையாலா, மூளையாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்பதுதான் கவலை. டாக்டரே விரதத்தை மதிக்கிறாரே என்று புஷ்பவள்ளி நெகிழ்ந்துபோனாள்.

அந்தப் பத்து நாள் பிச்சைமுத்து எப்படி இருந்தார் என்பதை டாக்டர் பிறகுதான் கேள்விப்பட்டார். தூக்கம் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கழிவறைக்குப் போனார். நடுவில் வந்த புதன்கிழமை, என்ன மாதிரி இருக்கிறது என்று டாக்டர் கேட்டபோது, சமாளிக்கிறேன் என்று மட்டும் சொன்னார். விரதத்தில் இருக்கிறவன் உடம்பைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது. டாக்டரும் ஆஸ்பத்திரி அட்டையில் அப்படியே எழுதினார்: மருந்து நிறுத்தப்பட்டது, சமாளிக்கிறார்.

தைப்பூசத்தன்று காலை ஏழு மணிக்கு டாக்டர் செருப்பைக் காரிலேயே கழற்றிவைத்துவிட்டு, காவடி கிளம்பும் இடத்துக்கு வந்து சேர்ந்தார். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். பிச்சைமுத்து மஞ்சள் வேட்டியோடு நின்றுகொண்டிருந்தார், எடை முழுவதும் வலது காலில். பத்துக்கு எத்தனை என்று கேட்டார் டாக்டர். ஒன்பது என்று மெல்லச் சொன்னார் பிச்சைமுத்து. அதை நோட்டில் எழுதிக்கொண்டபோது, அந்த நாளில் பென்சிலைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிற ஆளை புஷ்பவள்ளி ஒரு பார்வை பார்த்தாள்.

உறுமி முழங்கியது. சுற்றி நின்றவர்கள் வேல் வேல் என்றார்கள். நாக்கிலும் கன்னத்திலும் அலகு ஏறியது, நெஞ்சிலும் முதுகிலும் கொக்கிகள் ஏறின. பிச்சைமுத்துவின் கண் எங்கேயோ போய்விட்டது. காவடியைத் தோளில் வைத்தார்கள். டாக்டர் அந்த இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்த நாளிலிருந்து தரையில் முழுசாக ஊன்றாத அந்தக் கால் ஊன்றியது. பிறகு ஆடியது.

வழியில் கம்பெனிக்காரர்கள் போட்டிருந்த தண்ணீர்ப் பந்தலில் ராமதாஸ் நின்றார். ஆள் எடுப்பதும் நிறுத்துவதும் அவர் பொறுப்பு; பிச்சைமுத்துவுக்குக் குழுக் கடிதம் அனுப்பியதும் அவர்தான். குடத்திலிருந்து மஞ்சள் தண்ணீரை எடுத்துப் பிச்சைமுத்துவின் காலில் ஊற்றினார், விழுந்து கும்பிட்டார், அவர் கையால் திருநீறு பூசிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. அந்தப் பக்தி பொய் என்று யாரும் சொல்லமுடியாது.

மலைப்படியின் உச்சியில் காவடியை இறக்கி அலகை எடுத்தபோது பகல் ஒரு மணி. ஆறு மணி நேரம். டாக்டர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய், பிச்சைமுத்துவின் காதில் அதே கேள்வியைக் கேட்டார்.

"பூஜ்யம்," என்றார் பிச்சைமுத்து. "ஒன்னுமே இல்ல டாக்டர்."

டாக்டருக்கு அழுகை வந்துவிட்டது. நானூறு எலிகள் சொல்லாததை ஒரு மனுஷன் வாய்திறந்து சொல்லிவிட்டான். இத்தனை வருடமாக அவர் படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்த வாசல் நிஜமாகவே இருக்கிறது, அவர் கண்முன்னாலேயே மூடியது. அந்தச் சந்தோஷத்தில் அவர் பிச்சைமுத்துவைக் கட்டிக்கொண்டார்.

மாலை ஐந்து மணிக்கு சுங்கை பினாங்குக்குப் போனார். மூன்றாம் மாடி. பிச்சைமுத்து சுவர்ப்பக்கம் திரும்பி, முழங்காலை நெஞ்சுக்கு இழுத்துக்கொண்டு, துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு கிடந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. டாக்டர் வாயைத் திறக்கப்போனார்.

"கேக்காதீங்க," என்றாள் புஷ்பவள்ளி.

அவர் கேட்கவில்லை. பார்த்துவிட்டு, படியிறங்கும்போது நோட்டுப் புத்தகத்தில் பத்து என்று எழுதிக்கொண்டார். இதுவும் அவருக்குத் தெரிந்த விஷயம்தான். செரோடோனின் எப்போதும் வாசலை மூடுவதில்லை. அதே முதுகுத்தண்டில் வேறோர் இடத்தில் போய் ஒட்டினால் வாசலை அகலத் திறந்தும் விடும், முன்பைவிட அதிகமாக. காலையில் ஒன்றைப் பார்த்தாயிற்று, மாலையில் மற்றதைப் பார்த்தாயிற்று, கட்டுரைக்கு இரண்டு பக்கமும் கிடைத்துவிட்டது என்று படியிறங்கும்போது ஒரு நிமிடம் நினைத்தார். நினைத்ததற்காக உடனே வெட்கப்பட்டார். ஆனால் நினைத்தது நினைத்ததுதான்.

அடுத்த புதன்கிழமை ஆஸ்பத்திரி அட்டையில் அவர் எழுதியது மூன்று வரி. தைப்பூசத்தன்று காவடி எடுத்தார், ஆறு மணி நேரம், மலைப்படி முழுவதும். வலி பத்துக்குப் பூஜ்யம். பத்து நாளாக மருந்து இல்லை. மாலையில் பார்த்த பத்தை அட்டையில் எழுதவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தது சொந்த முறையில்தானே, ஆஸ்பத்திரி அட்டையில் எதற்கு என்று இருந்துவிட்டார். அதைக் கட்டுரைக்கு என்று நோட்டுப் புத்தகத்திலேயே வைத்துக்கொண்டார்.

குழுவில் மூன்று பேர். இரண்டு பேர் கடைசிவரை வாயே திறக்கவில்லை. தலைவர் டாக்டர் சீனி முகம்மது, ஓய்வுபெற்ற எலும்பு டாக்டர், யாரிடமும் கடிந்து பேசாதவர். கம்பெனி சார்பில் ராமதாஸ். சிகிச்சை கொடுக்கிற டாக்டர் என்று ஸ்ரீஸ்கந்தராஜாவையும் அழைத்திருந்தார்கள். அறையில் இருந்த எல்லாருக்கும் தமிழ் தெரியும், பேச்சு மட்டும் ஆங்கிலத்தில் நடந்தது. பிச்சைமுத்துவும் புஷ்பவள்ளியும் வெளியே பெஞ்சில் காத்திருந்தார்கள்.

ராமதாஸ் மரியாதையாகத்தான் பேசினார். பிச்சைமுத்து நல்ல உழைப்பாளி, அதில் சந்தேகமில்லை. தைப்பூசத்தன்று அவர் காவடியோடு வந்தபோது நானே காலில் தண்ணீர் ஊற்றினேன், அவர் கையால் திருநீறு வாங்கினேன், அந்தக் காவடியின் எடை ஓர் அரிசி மூட்டைக்குக் குறையாது என்றார். அன்றைக்குக் குனிந்து காலைத் தொட்டவர், இன்றைக்கு நிமிர்ந்து அந்தக் காலையே வாரிவிட்டார்.

தலைவர் ஆஸ்பத்திரி அட்டையைப் புரட்டினார். மருந்து நிறுத்தப்பட்டது, சமாளிக்கிறார் என்று படித்தார். வலி பத்துக்குப் பூஜ்யம் என்று படித்தார். உங்கள் கையெழுத்துதானே என்று ஸ்ரீஸ்கந்தராஜாவைக் கேட்டார்.

ஆமாம், ஆனால் மாலையில் பத்தாக இருந்தது, நானே வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன் என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா. அது அட்டையில் இல்லையே என்றார் தலைவர். என் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது என்றார் இவர். உங்கள் சொந்த நோட்டுப் புத்தகம் ஆஸ்பத்திரிப் பதிவு ஆகாதே, டாக்டர். ராமதாஸ் தலையைக் குனிந்துகொண்டார், சிரிப்பை மறைக்கவோ என்னவோ.

அப்போதாவது ஸ்ரீஸ்கந்தராஜா சுருக்கமாக, இந்த மனிதரால் மூட்டை தூக்க முடியாது, பூஜ்யம் மட்டும் எழுதியது என் பிழை என்று சொல்லியிருக்கலாம். பிழை என்று சொல்ல நாக்கு எழவில்லை. அதற்குப் பதிலாக விளக்கினார். நுணலும் தன் வாயால் கெடும்; இந்த நுணல் தன் வாயால் இன்னொருத்தரைக் கெடுத்தது. கால் மணி நேரம் பேசினார். எலியின் வாலிலிருந்து தொடங்கினார். மூளையடியிலிருந்து இறங்கும் நரம்புகள், செரோடோனின், முதுகுத்தண்டின் வாசல், எல்லாவற்றையும் சொன்னார். அந்த மனிதர் நடிக்கவில்லை, அவருடைய வலியும் நிஜம், அது ஆறு மணி நேரம் இல்லாமல் போனதும் நிஜம் என்றார். தலைவர் உண்மையாகவே ஆர்வத்தோடு கேட்டார், இரண்டொரு சந்தேகமும் கேட்டார். ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

"நீங்கள் சொல்வதை நான் ஒத்துக்கொள்கிறேன்," என்றார் தலைவர். "அப்படியானால் இவருடைய மூளைக்கு அந்த வாசலை மூடத் தெரிந்திருக்கிறது. மருந்துகூட இல்லாமல். மலை ஏறுவதற்கு மூடுகிற வாசல், மூட்டை தூக்குவதற்கு மூடாதா?"

அது அவர் இஷ்டப்படி மூடுவதில்லை என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா. பிறகு யார் இஷ்டப்படி என்று தலைவர் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்த நரம்பின் பெயர் தெரியும், அதில் சுரப்பதன் பெயர் தெரியும். சுரக்கச் சொல்வது யார் என்று ஸ்ரீஸ்கந்தராஜாவுக்குத் தெரியாது. வெளியே பெஞ்சில் இருந்த இரண்டு பேரைக் கேட்டிருந்தால் சட்டென்று சொல்லியிருப்பார்கள்.

சரி, அவரையே கேட்டுவிடுவோம் என்றார் தலைவர். பிச்சைமுத்துவை உள்ளே கூப்பிட்டார்கள். நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"காவடி எடுத்தப்ப இடுப்பு வலிச்சுச்சா?" தலைவர் தமிழில் அன்பாகவே கேட்டார்.

வலித்தது என்று சொல், ஒரே வார்த்தை சொல் என்று ஸ்ரீஸ்கந்தராஜா மனத்துக்குள் கெஞ்சினார். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, மாலையில் பட்டதை நினைத்துக்கொண்டாவது சொல். ஆனால் காவடி எடுத்த எவன் வலித்தது என்று சொல்வான்? சொன்னால் விரதத்தில் குறை என்று ஆகும், முருகன் காவடியை ஏற்றுக்கொள்ளவில்லை என்று ஆகும். எந்தக் குழுவுக்காகக் காவடி எடுத்தாரோ, அந்தக் குழுவின் முன்னாலேயே உட்கார்ந்து அந்தக் காவடியைப் பொய்யாக்குவதா? பிச்சைமுத்து நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, முடிந்தவரை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இல்லீங்க," என்றார். "ஒரு பொட்டு வலி இல்ல. முருகன் சுமந்தான்."

"அதுக்கப்புறம்?"

"அப்புறம் வர்றது என் கர்மம்ங்க. அத சாமி காரியத்தோட சேத்துப் பேசக் கூடாது."

தலைவர் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் பிச்சைமுத்து, நான் சரியாகச் சொன்னேனா டாக்டர் என்று கேட்டார். அவருக்கு முகமெல்லாம் நம்பிக்கை. புஷ்பவள்ளி கோயில் திருநீற்றுப் பொட்டலம் ஒன்றை டாக்டர் கையில் வைத்தாள். உள்ளே நீங்கள் ஒருவர்தான் ரொம்ப நேரம் எங்களுக்காகப் பேசினீர்கள், கதவுக்கு வெளியே கேட்டது, இங்கிலீஷ் புரியாவிட்டாலும் அது தெரிந்தது என்றாள். அவர் அதை வாங்கிக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. சிகிச்சை அளித்த மருத்துவரின் விளக்கத்தை ஏற்று, பளுவான வேலைக்கு லாயக்கு என்று குழு முடிவு செய்திருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள். மார்ச் மாதம் முதல் தேதி பிச்சைமுத்து கப்பலின் அடித்தளத்துக்கு இறங்கினார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவர் கிளினிக்குக்கு வரவில்லை. மே மாதம் ஒரு புதன்கிழமை புஷ்பவள்ளி அவரை இழுத்துக்கொண்டு வந்தாள். ஆள் பாதியாகியிருந்தார். தைப்பூசத்துக்காக நிறுத்திய மாத்திரையை அதற்குப் பிறகு தொடவே இல்லை என்று அவள் சொன்னாள். ஒருவேளைச் சாப்பாடு, அதுவும் உப்பில்லாமல். வெறும் தரையில் படுக்கிறார். அதோடு எட்டு மணி நேரம் மூட்டை தூக்குகிறார். ஏன் என்று கேட்டால், டாக்டர் சொன்னதுதான் என்கிறார் என்றாள்.

நான் அப்படி ஒன்றும் சொல்லவில்லையே என்றார் டாக்டர்.

"நீங்கதான டாக்டர் சொன்னீங்க, சாமி காரியத்துல ஜாகா தானா முழிச்சுக்குவான்னு," என்றார் பிச்சைமுத்து. "அன்னிக்கு முழிச்சான். இப்ப கூப்பிட்டா முழிக்க மாட்டேங்கிறான். அப்ப என்கிட்டதான ஏதோ கொறை இருக்கு. விரதத்த விடாம பிடிச்சா சரியாப் போயிடும்."

உள்ளதைச் சொல்லிவிடவேண்டும் என்று டாக்டருக்கு முதல்முறையாகத் தோன்றியது. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"உங்களில ஒரு குறையும் இல்லை," என்றார். "அந்தக் காவல்காரன் கூப்பிட்டு வாற ஆள் இல்லை. நான் உங்களைக் காவடி எடுக்க விட்டிருக்கக் கூடாது. குளிசையை நிப்பாட்டச் சொன்னது விரதத்துக்காக இல்லை, எனக்குப் பார்க்கவேணும் எண்டதுக்காக. பின்னேரம் நீங்கள் பட்ட நோவை நான் அட்டையில எழுதேல்லை. எழுதியிருந்தா நீங்கள் இண்டைக்கு வீட்டில இருந்திருப்பீங்கள். பிழை எல்லாம் என்னில."

பிச்சைமுத்துவுக்குக் கோபம் வரும், வரட்டும் என்று டாக்டர் காத்திருந்தார். பிச்சைமுத்துவின் முகம் வாடித்தான் போயிற்று, ஆனால் அது கோபத்தில் இல்லை.

"அப்படிச் சொல்லாதீங்க டாக்டர்," என்றார். "அடிபட்ட நாள்லருந்து அந்த ஆறு மணி நேரம்தான் நான் மனுசனா நடந்தேன். அதப் போயித் தப்புன்னு சொல்லாதீங்க. அடுத்த வருசமும் எடுப்பேன்."

டாக்டர் கேட்க வந்தது மன்னிப்பு. அதை வாங்கிக்கொள்ள அங்கே ஆளில்லை. பிச்சைமுத்து மேசையைப் பிடித்துக்கொண்டு எழ முயன்றார். இரண்டாம் முயற்சியில் புஷ்பவள்ளி அவர் கைக்கடியில் தோளைக் கொடுத்து எழுப்பிவிட்டாள். இரண்டு மணிக்கு ஷிப்ட், பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். அவரை முதலில் வெளியே அனுப்பிவிட்டு, அவள் மட்டும் கதவருகில் நின்று திரும்பினாள்.

"அந்த ஆறு மணி நேரம் அவருக்கு," என்றாள். "நீங்களும் கூடவே வந்து பாத்தீங்க, எழுதிக்கிட்டீங்க. மிச்ச நேரத்த நான்ல பாத்துக்கிட்டிருக்கேன்."